நெடுந்தீவில் அப்பா அடுக்கிய கையாலை

போன ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் பெய்த மழையில் எங்கள் பின்விளையில், அதாவது வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தோட்டத்தில், கையாலை சரிந்து விழுந்தது. கையாலை என்றால் எங்கள் மாவட்டத்துக்கு வெளியே எத்தனை பேருக்குப் புரியுமோ தெரியாது. மேல்விளை மண் கீழ்விளைக்குச் சரிந்துவிடாமல் கல் அடுக்கி நிறுத்துகிற சுவர், அவ்வளவுதான். தாத்தா அடுக்கியது அப்பா சின்னப் பையனாக இருந்த காலத்திலிருந்து நின்றது. பாசி பிடித்து, இடுக்கில் செடி முளைத்து, ஓணான் குடியிருந்து, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று நான்கு வருடத்துக்கு முன்னால் பிடிவாதம் பிடித்து அதைப் பிரிக்க வைத்தவள் நான்தான். சிமெண்ட் வைத்துக் கட்டி, பூசி, வெள்ளையும் அடித்தோம். விழும்போது நான்கு வாழையையும் கோழிக்கூட்டையும் அம்மாவின் கறிவேப்பிலை மரத்தையும் கூட்டிக்கொண்டு போனது.

அப்பா திட்டவில்லை. அதுதான் கஷ்டம். தினமும் காலையில் பால் விடாத கட்டன்சாயாவோடு போய் அந்த இடிபாட்டின் முன்னால் நிற்பார், குடித்து முடிப்பார், திரும்பி வருவார்.

தக்கலைக்கும் குமாரகோவிலுக்கும் நடுவில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார், நான் அப்பா அம்மாவோடு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மஸ்கட் போகத்தான் பாஸ்போர்ட் எடுத்தது; அந்தப் பயணம் ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போய் பாஸ்போர்ட் பீரோவில் நாப்தலின் உருண்டையோடு கிடந்தது. எனக்கோ பழைய கல் பைத்தியம். நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் விடுகிறார்கள் என்றதும், தீவுகளையும் அங்கே இருக்கிற இடிந்த கோட்டைகளையும் பார்த்துவிடலாம் என்று வீட்டில் பேச்சை எடுத்தேன். "இடிஞ்சது பாக்க கடல் தாண்டணுமா? நம்ம பின்விளையில கிடக்கே" என்றார் அப்பா. இடிந்த பிறகு கையாலையைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

மாசியில் மண்டைக்காடு கோயில் கொடை முடிந்த மறு வாரம் கிளம்பினோம். ரப்பர் இலை உதிர்ந்து பால்வெட்டு நிறுத்தியிருந்த சமயம், அதனால் அப்பாவுக்குச் சாக்குச் சொல்ல வழியில்லை. கோழிகளைப் பக்கத்து வீட்டு மைனி பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அம்மா நேந்திரங்காய் சிப்ஸ், முறுக்கு, ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாய், அப்புறம் கைப்பையின் உள்ளறையில் நாகர்கோவில் நாகராஜா கோயில் மண் பிரசாதம் ஒரு பொட்டலம், எல்லாம் எடுத்துக்கொண்டாள். நாகப்பட்டினம் வரை ராத்திரி பஸ், அங்கிருந்து கப்பலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகில் போவதுதான் அதுவரைக்கும் எங்கள் மூன்று பேரின் கடல் அனுபவம். சரி, கப்பல் ஆடவில்லை.

யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள். கோட்டையைச் சுற்றினோம், போர்த்துக்கீசியர் கட்டியதை 1658-இல் டச்சுக்காரர்கள் பிடித்து ஐந்து முனை நட்சத்திரமாக மாற்றிக் கட்டியது. மதிலின் மேல் சாயங்காலக் காற்று நன்றாக இருந்தது. அதைவிட எங்களுக்கு அதிசயமாக இருந்தது, காலையில் சாப்பாட்டுக் கடையில் அம்மா பேசுவது அவர்களுக்கும் அவர்கள் பேசுவது அம்மாவுக்கும் தடங்கல் இல்லாமல் புரிந்ததுதான். சென்னையில் எங்கள் தமிழைக் கேட்டால் "கேரளாவா?" என்பார்கள். இங்கே புட்டு என்றால் புட்டு. சொல்லும் என்பதற்கு அப்பா வாய் தவறி "பறயும்" என்றபோது பரிமாறியவர் சிரித்துக்கொண்டே, தன் அம்மம்மாவும் பறைஞ்சது என்றுதான் சொல்லுவா என்றார்.

மூன்றாம் நாள் நயினாதீவு. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு என்று கடலை இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு ஓடுகிற சாலையின் கடைசியில் குறிகட்டுவான் துறை. தீவுகளுக்கான படகு அங்கேதான். நாகபூசணி அம்மன் சன்னதியில் அம்மா பொட்டலத்தைப் பிரித்து, எங்கள் நாகராஜா கோயில் மண்ணில் ஒரு சிட்டிகையைப் புற்றோரம் தூவினாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதே தீவில்தான் முதலாம் பராக்கிரமபாகுவின் 12-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு கிடைத்தது. சிங்கள மன்னனின் ஆணை, எழுதியிருப்பது தமிழில். வெளிநாட்டு வணிகர் ஊர்காவற்றுறையில்தான் இறங்க வேண்டும், யானை குதிரை ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு, சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி என்று போகிறது. படகில் திரும்பும்போது அப்பாவுக்கு இதைச் சொன்னேன். "முக்கால் பங்கு திருப்பித் தருவானா? இப்ப எந்த இன்சூரன்ஸ்காரன் தருவான்?" என்றார். கோழிக்கூட்டை நினைத்துச் சொன்னார் போலிருக்கிறது.

நெடுந்தீவுக்கு அதே துறையிலிருந்து ஒரு மணி நேரம். இந்தப் படகு ஆடியது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஊறுகாய் பாட்டிலை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள், ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்க முடியாது என்று கையைக் காட்டினாள். மாவிலித்துறையில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது குமுதினிப் படகில் 1985 மே 15 அன்று கொல்லப்பட்டவர்களின் நினைவிடம். நாங்கள் சற்று முன் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தது இதே கடல்வழியில்தான். அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

தீவு கிட்டத்தட்ட 50 சதுர கிலோமீட்டர், மலை மேடு எதுவும் இல்லாத தட்டை நிலம், பனை, புல்வெளி, தூரத்தில் கட்டைக் குதிரைகள். வெள்ளைக்காரர் காலத்தில் வந்து காடோடு தங்கிவிட்ட குதிரைகள் அவை. டச்சுக்காரர்கள் இந்தத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயரை வைத்தார்கள்: வேலணைக்கு லைடன், காரைநகருக்கு ஆம்ஸ்டர்டாம். மற்றதெல்லாம் மறைந்துபோக, நெடுந்தீவுக்கு மட்டும் டெல்ஃப்ட் என்ற பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஓட்டோ பிடித்துக் கோட்டைக்குப் போனோம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால், கூரை இல்லாமல், சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த தடித்த சுவர்கள் மட்டும். எனக்கு இதை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது, பார்த்ததுதான். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை, நாங்கள் டிலனாய் கோட்டை என்று சொல்வது. 1741 குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்ற டச்சுப் படை இலங்கையிலிருந்து வந்த படைதான். பிடிபட்ட டி லனாய் அதே ராஜாவுக்குத் தளபதியாகி, படைக்குப் பயிற்சி கொடுத்து, கோட்டைகள் கட்டி, 1777-இல் இறந்து, உதயகிரிக்குள்ளேயே கிடக்கிறார். கல்லறையில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கும். பள்ளிக்கூடத்தில் எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனபோது நான் மான் கூண்டைத்தான் பார்த்தேன். இப்போது அந்தக் கதையின் மறு கரையில் நின்றுகொண்டு அப்பாவிடம் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன், அவர் எங்கே கேட்டார்? ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நெடுந்தீவில் வேலி என்றால் கல்வேலி. தீவு முழுக்க, வீட்டைச் சுற்றி, வயலைச் சுற்றி, இடுப்பளவுக்கும் நெஞ்சளவுக்கும் முருகைக்கல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கடலில் வளர்ந்த பவளப்பாறை. ஒரு பொட்டுச் சாந்து கிடையாது. கல்லுக்குக் கல் நடுவில் ஓட்டை, அந்த ஓட்டை வழியாகப் பக்கத்து வீட்டு ஆடு தெரிகிறது. அப்பா உட்கார்ந்து ஒரு கல்லில் விரலை ஓட்டினார். தேனடை மாதிரி சின்னச் சின்னக் கண்கள், ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் பூ இதழ் போல வரிகள். இன்னொரு கல்லில் இடியாப்பத்தை அமுக்கி வைத்தது போல வளைந்து வளைந்து போகிற கோடு. தூக்கிப் பார்த்தார். நம் ஊர்க் கருங்கல்லோடு வைத்துப் பார்த்தால் பஞ்சு. ஆனால் சொரசொரப்பு ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொள்கிறது, அசைத்தால் வரவில்லை.

அன்றைக்கு ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கினோம். அந்த வீட்டு அக்கா வைத்த தேநீரில் லேசாக உப்புக் கரித்தது. இங்கே கிணற்றில் பெரும்பாலும் அப்படித்தான், நல்ல தண்ணீருக்குத் தூரம் போக வேண்டும் என்றார். தேங்காய்ப்பூ போட்ட புட்டும் மீன் குழம்பும், கூட எங்கள் ஊறுகாயும். கடலில் பாடுபட்டுக் காப்பாற்றிய பாட்டிலை அம்மா பெருமையாகத் திறந்து வைத்தாள்.

காலையில் எழுந்து பார்த்தால் அப்பாவைக் காணோம். வேலியில் மாடு உரசி விழுந்த ஒரு இடத்தில், அந்த வீட்டுப் பையனோடு சேர்ந்து கல் அடுக்கிக்கொண்டிருக்கிறார். "ஐயா, விடுங்கோ, நீங்கள் விருந்தாளி, தம்பி பின்னேரம் அடுக்குவான்" என்று அக்கா சொல்ல, "ஒண்ணுமில்ல பிள்ளே, ஒரு கை பிடிச்சா தீருமே" என்கிறார். பெரிய கல் அடியில், அடி அகலம், மேலே போகப் போக ஒடுக்கம், நடுவில் சின்னக் கல்லைச் செருகி இறுக்குவது. தம்பி செய்வதும் எங்கள் தாத்தா செய்ததும் ஒன்றுதான் என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்: "காத்து உள்ள போய் வெளிய வருது பாத்தியா? அதான் இந்தக் காத்துலயும் நிக்குது. நம்மளுது தண்ணி. மேல்விளைத் தண்ணி வடிய ஒரு ஓட்ட வச்சமா? பூசி அடச்சோம். மண்ணு குடிச்சு ஊதி தள்ளிட்டு."

நான்கைந்து மாதமாக அவர் சொல்லாமல் வைத்திருந்தது இதுதான். நான் தலையை ஆட்டிவிட்டுக் கல் எடுத்துக் கொடுத்தேன்.

அன்று பகலில் மற்ற இடங்கள். உள்ளே ஆள் நிற்கிற அளவு பொந்து விழுந்த பெருக்கமரம் (பாவோபாப்), டச்சுக்காலப் புறாக்கூடு, தீவின் மேற்கே வெடியரசன் கோட்டை. அதை ஓட்டோத் தம்பி ஒரு ராஜாவின் கோட்டை என்றார். தொல்லியலார் அங்கே பார்ப்பது பௌத்தத் தூபிகளின் அடிப்பகுதியை. அதுவும் முருகைக்கல்தான், வட்டமாக. எனக்கு இதில் குழப்பம் வரவில்லை. எங்கள் சிதறால் மலையில் சமணத் தீர்த்தங்கரர்கள் பாறையில் வரிசையாக உட்கார்ந்திருக்க, ஊர்க்காரர்கள் பகவதியைக் கும்பிட்டுவிட்டு இறங்கி வருகிறார்கள். நாகராஜா கோயில் தூணிலேயே மகாவீரர் இருக்கிறார்.

கிளம்பும்போது அப்பாவின் துண்டு முடிச்சு கனமாக இருந்தது. பிரித்தால் பூக்கண் போட்ட முருகைக்கல் ஒன்று. "ஐயா, கஸ்டம்ஸில பிடிப்பாங்கள்" என்று தம்பி சிரித்தான். அப்பா ஒன்றும் பேசாமல் போய், தான் அடுக்கிய இடத்திலேயே அதைச் செருகிவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்த மறுநாளே கொத்தனார் வேண்டாம் என்றுவிட்டார். பழைய கையாலைக் கற்கள் கிணற்றடியில் குவியலாகக் கிடந்தன, நான்தான் அங்கே தள்ளச் சொன்னது. சித்திரை கடைசிக்குள், மழை பிடிக்கும் முன், அப்பாவும் மைனி மகனும் சேர்ந்து அடுக்கி முடித்தார்கள். பின்பக்கம் சரளைக்கல் போட்டு நிரப்பி, அடியில் தண்ணீர் வடிய மூன்று இடத்தில் பொந்து விட்டிருக்கிறார். வெள்ளை அடிக்கவில்லை. வைகாசி நடுவில் தொடங்குகிற இடவப்பாதி மழையில் அந்த மூன்று பொந்திலும் செம்மண் தண்ணீர் குழாய் போலக் கொட்டியது, அப்பா குடை பிடித்துக்கொண்டு கட்டன்சாயாவோடு நின்று பார்த்தார். மழை வெறித்த பிறகு நடுப் பொந்தில் கரும்பெட்டைக் கோழி முட்டையிட ஆரம்பித்திருக்கிறது. அம்மா தினமும் அதற்குள் கையை விட்டுத் துழாவி, முட்டை கிடைத்தால் என்னையும் ஓணான் கையில் பட்டால் அப்பாவையும் கூப்பிடுகிறாள்.