மேற்கோளில் வராத கட்டுரை

உறுப்பு மாற்று ஆய்வாளர் ஒருவருடைய பதவி உயர்வுக் கோப்பைத் திறந்தால் முதலில் எண்கள்தான் வரும். எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள், கட்டுரைகளையும் மேற்கோள்களையும் சேர்த்து அளக்கும் எச் இன்டெக்ஸ் எவ்வளவு, இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் எவ்வளவு. கொடையாளியின் உறுப்பு நோயாளிக்கு ஒத்துவருமா என்று சோதிக்கும் திசுப் பொருத்த ஆய்வகத்தில் வேலை பார்க்கும் எங்களுக்கு இந்தக் கணக்கு ஒப்புவதில்லை. ஒரே ஒரு கட்டுரையைப் பார்த்தால் காரணம் புரியும்.

1969-இல் பட்டேல், பால் டெராசாகி என்ற இரு ஆய்வாளர்கள் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். கொடையாளியின் லிம்போசைட்டுகளை (ஒரு வகை ரத்த வெள்ளையணுக்கள்) கொல்லும் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், முன்பே ரத்தத்தில் இருந்தவர்கள் 30 பேர். அவர்களில் 24 பேருக்குச் சிறுநீரகம் உடனே செயலிழந்தது. அந்த ஆன்டிபாடி இல்லாத 195 பேரில் அப்படி ஆனது 8 பேருக்கு மட்டும். இத்தகைய ஆன்டிபாடியின் ஆபத்தை 1966-லேயே டென்மார்க்கின் கிஸ்மேயர் நீல்சன் குழு சுட்டிக்காட்டியிருந்தது. ஆனால் இந்த 24-ம் 8-ம் பக்கத்தில் பக்கத்தில் நின்ற பிறகு, நோயாளியின் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) கொடையாளியின் செல்களோடு சேர்த்துச் சோதிக்கும் கிராஸ்மேட்ச் பார்க்காமல் சிறுநீரகம் பொருத்துவதை யாராலும் நியாயப்படுத்த முடியவில்லை.

அந்த எண்களுக்குப் பின்னால் இருந்தது 1964-இல் டெராசாகி வெளியிட்ட நுண்துளிச் சோதனை. கர்ப்பம், ரத்தம் ஏற்றுதல், முந்தைய மாற்று அறுவை ஆகியவற்றால் ஆன்டிபாடி உருவானவர்களின் சீரம் கிடைப்பது அரிது. அதை வீணாக்காமல், சோதனைத் தட்டின் ஒரு குழிக்கு 1 மைக்ரோலிட்டர் போதும் என்று ஆக்கினார். துளி உலராமல் இருக்க மேலே மினரல் ஆயில். அதற்குள் சுமார் 2000 லிம்போசைட்டுகள் கொண்ட இன்னொரு மைக்ரோலிட்டர். அரை மணி நேரம் கழித்து 5 மைக்ரோலிட்டர் முயல் காம்ப்ளிமென்ட்: ஆன்டிபாடி ஒட்டிய செல்லைத் துளைத்துக் கொல்லும் ரத்தப் புரதங்கள். மேலும் ஒரு மணி நேரம். பிறகு இயோசின் சாயம், ஃபார்மலின். நுண்ணோக்கியில் உயிருள்ள செல் சாயம் ஏறாமல் மின்னும். செத்தது உப்பிக் கருத்திருக்கும். 80 சதவீதத்துக்கு மேல் செத்திருந்தால் மதிப்பெண் 8.

தப்பு நடக்கும் இடங்களும் இதே படிகளில்தான். எண்ணெய்க்குள் செல் துளியும் சீரத் துளியும் ஒட்டாமல் தனித்தனியே நின்றுவிட்டால் பொய்யான நெகட்டிவ். காம்ப்ளிமென்ட்டை ஒருமுறை உருக்கி மறுபடி உறையவைத்தாலும் அதே கதி. கொடையாளியின் ரத்தம் வந்துசேரத் தாமதமானால் செல்கள் தாமாகவே செத்து பாசிட்டிவ் போலத் தெரியும். முடிவு முன்கூட்டியே தெரிந்த கன்ட்ரோல் குழிகளை முதலில் பார்ப்பது இதற்காகத்தான். நோயாளியின் சொந்தச் செல்களையே தாக்கும் ஐஜிஎம் என்ற வகை ஆன்டிபாடியும் ஏமாற்றும். ஐஜிஎம்மை உடைக்கும் டிடிடி என்ற வேதிப்பொருளைச் சேர்த்துப் பார்த்தால் அது விலகும். ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தைப் பெற்றவரின் சீரம் பி செல்களை (லிம்போசைட்டில் ஒரு வகை) கொல்வது அந்த மருந்தின் வேலை. இதைக் கேட்டு எழுதி வைக்காவிட்டால் பொருந்தக்கூடிய சிறுநீரகம் கைநழுவிப் போகும். எங்கள் பார்வையில் இதுதான் மிகக் கொடுமையான பிழை. போன மாதச் சீரத்தை வைத்துச் சோதிப்பதும் ஆபத்து: நடுவில் ரத்தம் ஏற்றியிருந்தால் இரண்டு வாரத்தில் புது ஆன்டிபாடி வந்திருக்கலாம்.

இத்தனையையும் நள்ளிரவில் செய்து முடிக்கும் டெக்னீஷியன் எந்தக் கட்டுரையையும் மேற்கோள் காட்டுவதில்லை. ஆய்வகத்தின் செயல்முறைக் கையேட்டில் 'டெராசாகி தட்டு' என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒரு செய்முறை வழக்கமாகிவிட்டால் அதன் மூலத்தை யாரும் குறிப்பிடுவதில்லை. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதற்குத் தனிப் பெயரே வைத்தார். இம்பாக்ட் ஃபேக்டரோ முந்தைய இரண்டே ஆண்டுகளின் கட்டுரைகளை வைத்து இதழை அளப்பது, ஆய்வாளரை அல்ல. பொருத்திய சிறுநீரகம் பத்தாண்டு நின்றதா என்று அறியவே பத்தாண்டு ஆகுமே!

ஆகவே கோப்பு எங்களிடம் வந்தால் வேறு கேள்விகளைக் கேட்போம். இவருடைய முடிவால் எந்தக் கையேட்டில் எந்த வரி மாறியது? எந்த நோயாளிக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் அளவு மாறியது? தவறான பாசிட்டிவ் எங்கே குறைந்தது? டெராசாகி 2003-இல், ஆண்டுகள் கழித்து மெல்ல நிகழும் நிராகரிப்புக்கும் ஆன்டிபாடிதான் காரணம் என்று வாதிட்டு எழுதினார். இன்று மாற்றுக்குப் பிறகும் கொடையாளிக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடி திசுப் புரதங்கள் பூசிய லூமினெக்ஸ் என்ற நுண்மணிகளில் சீரத்தைச் சோதிக்கிறோம். அந்தப் படிவத்திலும் அவர் பெயர் இல்லை.