நத்தார்க் குடிலுக்கு நெல் விதைப்போம்

மார்கழி நெருங்கினால் கடைகளில் பிளாஸ்டிக் மரமும் மின்விளக்கு மாலையும் தொங்கத் தொடங்கிவிடும். மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு அவை பார்க்க மட்டுந்தான். கிட்டப் போனால் “தொடாதை, உடைஞ்சிடும்” என்ற சத்தம் வரும். ஆண்டுதோறும் நிலைக்கிற வழக்கம் என்றால் அதில் பிள்ளையின் கைக்கு வேலை இருக்க வேண்டும், காசு முட்டான ஆண்டிலும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். முதல் ஆண்டுக்கு ஒன்று போதும். எங்களைக் கேட்டால், இயேசு பாலன் குடிலில் பச்சை வயலாக வைக்க நெல் விதைப்பதில் தொடங்குங்கள்.

ஓரடிக்கு ஓரடி தட்டம் ஒன்றுக்கு இரண்டு கைப்பிடி விதைநெல் காணும். சோற்றுக்கு வாங்கும் புழுங்கல் அவித்தது, முளைக்காது. டிசம்பர் 11 இரவு நெல்லைத் தண்ணீரில் போடுங்கள். மிதக்கும் சப்பிகளைப் பிள்ளையே அள்ளட்டும். மறுநாள் இரவு வடித்து, ஈரச் சாக்குத் துணியில் கட்டி வையுங்கள். 13 மாலையில் வெள்ளை முனை எட்டிப் பார்க்கும். அன்று புனித லூசியா திருநாள். குரோவேசியாவில் நத்தாருக்குக் கோதுமை விதைப்பதும் அதே நாளில்தான்.

தட்டத்தின் அடியில் ஆணியால் பத்துப் பன்னிரண்டு துளை போட்டு, மணல் கலந்த மண்ணை ஒன்றரை அங்குலத்துக்குப் பரப்புங்கள். முளைநெல்லை நெருக்கமாகத் தூவி, மெல்லிய மண்ணால் மூடினால் சரி. துளை இல்லாவிட்டால் மாரி ஈரத்தில் தண்ணீர் தேங்கி, பூஞ்சணம் பிடித்து, விதை அழுகும். வீட்டுக்குள் வைத்தால் வெளிச்சம் தேடி மஞ்சளாக நீண்டு சாயும். காலை வெயில் படும் விறாந்தைதான் சரியான இடம். கோழியும் அணிலும் கிளறாமல் முதல் மூன்று நாளுக்குப் பழைய நுளம்பு வலையால் மூடிவிடுங்கள். காலையில் ஒரு சிரட்டை தண்ணீர் தெளிப்பது பிள்ளையின் பொறுப்பு. மண் ஈரமாக இருந்தால் அன்றைக்கு விட்டுவிடலாம். 24ஆம் திகதி மூன்று நான்கு அங்குலப் பச்சை நிற்கும். வெளியே மாரிப்போக வயல் நிற்கிற அதே பச்சை.

குடில் என்ற வழக்கத்தைப் பரப்பியவர் அசிசி நகர் பிரான்சிஸ். 1223இல் கிரேச்சோ என்ற ஊரில் உண்மையான மாடும் வைக்கோலும் வைத்துத்தான் அவர் அமைத்தார். ஆகவே விலை கொடுத்து வாங்கிய சுரூபம் இல்லையே என்று கவலைப்பட ஒன்றுமில்லை. களிமண்ணில் பிள்ளை பிடித்த ஆடு கழுதை போல் இருந்தாலும் அதையே வையுங்கள்.

பாலனைக் கிடத்தும் முன்னணை வேறு. கண் இல்லாத பாதிச் சிரட்டை ஒன்றை, நத்தாருக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று வெறுமையாக வையுங்கள். (அது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும்.) இரவு செபம் முடிந்ததும், அன்று செய்த ஒரு நல்ல காரியத்துக்கு விரல் நீள வைக்கோல் ஒன்று. பாலன் படுக்க மெத்தை சேருகிறது. வீட்டில் எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் சிரட்டை ஒன்றே. ஆளுக்கொன்று கொடுத்தால் எண்ணிப் பார்த்துச் சண்டை வரும். தம்பி செய்ததை அக்கா சொல்லட்டும், அக்கா செய்ததைத் தம்பி சொல்லட்டும். குழப்படிக்குத் தண்டனையாக வைக்கோலை எடுத்துவிடாதீர்கள். அன்றோடு பிள்ளைக்கு அதில் மனம் விட்டுப்போகும்.

நட்சத்திரக் கூடு செய்வதென்றால் இரண்டடி மூங்கில் சிலாகை பத்து வேண்டும். ஐந்தைந்தாக இரண்டு நட்சத்திரம் கட்டி, ஐந்து முனைகளையும் ஒன்றாக முடிந்த பிறகு, உள்ளே சிலாகைகள் குறுக்கிடும் ஐந்து இடங்களிலும் ஐந்தங்குலக் குச்சி கொடுத்து விரியுங்கள். சிலாகை நீளம் ஒத்துவராவிட்டால் கூடு முறுகும். வெட்டுவதும் கட்டுவதும் பெரியவர் வேலை. திசுத்தாள் ஒட்டுவது பிள்ளைக்கு. பசைக்கு ஒரு மேசைக்கரண்டி கோதுமை மாவை ஆறு கரண்டி தண்ணீரில் கரைத்து மெல்லிய நெருப்பில் துழாவுங்கள். பூச்சி வராமலிருக்கத் துரிசு சேர்ப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் தொடும் பசையில் கூடாது. உள்ளே மெழுகுதிரி வேண்டாம், சிறிய எல்.இ.டி. பல்ப் போதும். முற்றத்தில் தொங்கவிட்டால் ஒரு மழைக்கே தாள் கிழியும், தாழ்வாரத்துக்குள் கட்டுங்கள்.

நத்தாரன்று அயலுக்குப் போகும் பலகாரத் தட்டைப் பிள்ளையே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். பயத்தம் பணியாரத்துக்கு உருண்டை பிடிப்பதும் அவர்களால் முடியும், எண்ணெய்ச் சட்டிப் பக்கம் மட்டும் விடாதீர்கள்.

பாலனைக் காண வந்த மூன்று இராசாக்களின் உருவங்களைக் குடிலில் உடனே வைத்துவிட வேண்டாம். யன்னலோரத்தில் தொடங்கி நாளுக்கு ஒரு சாண் நகர்த்தி, ஜனவரி 6 அன்று வந்துசேரச் செய்யுங்கள். மறுநாள் நெற்பயிர் ஆட்டுக்கு. கூட்டின் தாளை முழுதாக உரித்துவிட்டுச் சட்டத்தை மட்டும் எடுத்து வையுங்கள், பசை ஒட்டியிருந்தால் கரப்பான் வரும்.