ஹட்டன் குளிரில் ஒரு மீன் தொட்டி

தமிழில் மீன் வளர்ப்புக் காணொளி போடுகிறவர்களில் நான் பார்த்தவர்கள் எல்லாரும் சென்னைப் பக்கம், இல்லாவிட்டால் கொழும்புப் பக்கம். அங்கே தொட்டித் தண்ணீர் தன்பாட்டில் 27, 28 பாகையில் நிற்கும். நான் இருப்பது ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில், கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேலே. தை மாதக் காலையில் எங்கள் முன்னறை வாளித் தண்ணீரில் வெப்பமானியை விட்டால் 16 காட்டியது. தொட்டி வாங்கும் முன் அந்த வாளியை ஒரு கிழமை கவனித்தது நல்லதாகப் போயிற்று. என்ன மீன், எவ்வளவு பெரிய ஹீட்டர், எவ்வளவு கரண்ட் என்று பிறகு வந்த எல்லா முடிவும் அந்த எண்ணில்தான் தொங்கின.

தொட்டியைக் கண்டியிலிருந்து பஸ்ஸில் கொண்டுவரும் தைரியம் எனக்கில்லை. டவுனில் படத்துக்குக் கண்ணாடி போடும் கடையில் சொல்லிச் செய்வித்தேன். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம், 5 மில்லிமீற்றர் கண்ணாடி. ஒட்டும் சிலிக்கனில் பூஞ்சணம் பிடிக்காத மருந்து கலந்த வகையைப் போடக் கூடாது, மீனுக்கு ஆகாது. சாதாரண சிலிக்கன் காயும்போது வினாகிரி வாசம் அடிக்கும். இரண்டு நாளில் காய்ந்துவிடும் என்று கண்ணாடிக் கடை பாஸ் சொன்னார். எங்கள் குளிரை நம்பாமல், வாசம் முழுக்கப் போகும்வரை வெறுமனே வைத்திருந்தேன். விளிம்பு வரை நிரப்பினால் 56 லீற்றர், கல்லும் கண்ணாடியும் சேர்த்து 70 கிலோவைத் தாண்டும். ஆகவே சுவர் ராக்கை சரிவராது, இரும்பு ஸ்டாண்ட் அடித்துக்கொண்டேன். அடியில் ஒரு ரெஜிஃபோம் (தெர்மோகோல்) பலகை. மிச்ச ரெஜிஃபோமைப் பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டிலும் ஒட்டினேன். பார்வைக்கு அழகில்லைதான், ஆனால் சூடு தங்குகிறது.

தண்ணீர்தான் பெரிய விசயம். டவுனில் சபைத் தண்ணீர் எடுப்பவர்கள் குளோரினை நினைத்துக் கவலைப்பட வேண்டும். எங்களுக்குப் பீலித் தண்ணீர், மலை ஊற்றிலிருந்து குழாயில் வருவது. குளோரின் இல்லை. அதற்குப் பதில் வேறு இரண்டு தலையிடி உண்டு. தேயிலையில் கொப்புள நோய்க்கு மழைக்காலத்தில் செப்பு கலந்த மருந்து அடிப்பார்கள். செப்பு கொஞ்சம் கலந்தாலே இறாலும் நத்தையும் தாங்காது, கூடினால் மீனுக்கும் ஆபத்து. எங்கள் ஊற்று தேயிலை மலைக்கு மேலே, காட்டோரத்தில் இருக்கிறது என்பதை ஏறிப்போய்ப் பார்த்துவிட்டுத்தான் நிம்மதியானேன். மலைக்குக் கீழே ஓடும் கானில் தண்ணீர் எடுப்பவர்கள், மருந்தடிக்கும் நாள்களையாவது தோட்டக் கணக்கப்பிள்ளையிடம் கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது தலையிடி கண்ணுக்குத் தெரியாதது. எங்கள் மலைப்பாறையில் சுண்ணாம்பு குறைவு, அதனால் தண்ணீர் மிக மென்மையானது. சொட்டு விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்றைக் கொழும்பிலிருந்து தருவித்துப் பார்த்தேன், தண்ணீரின் புளிப்பைக் காட்டும் பிஎச் 6.4 என்றது (7 நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு). கப்பி, மொலி மாதிரி மீன்களுக்குக் கடினத் தண்ணீர் வேண்டும். அது மட்டுமில்லை. தொட்டி பழகப் பழக, உள்ளே நடக்கும் வேலையே தண்ணீரை மேலும் புளிப்பாக்கும். சுண்ணாம்பு இல்லாத தண்ணீருக்கு அதைத் தாங்கும் சக்தி கிடையாது, பிஎச் திடீரென்று சரிந்துவிடும். கிளிக்குப் போடும் கணவாய் ஓட்டில் ஒரு துண்டைத் தொட்டியில் போட்டேன். மெதுவாகக் கரைந்து, 7க்குப் பக்கத்தில் பிடித்து வைத்திருக்கிறது.

அந்த 'உள்ளே நடக்கும் வேலை' என்னவென்று சொல்லிவிடுகிறேன். மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அமோனியாவாகும். அது நஞ்சு. ஒரு வகை பக்டீரியா அதை நைட்ரைற்று ஆக்கும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேற்று ஆக்கும், அதைத் தண்ணீர் மாற்றிச் சமாளிக்கலாம். இந்தப் பக்டீரியாக்கள் தண்ணீரை வடிகட்டும் பில்டரின் ஸ்பொஞ்சில் குடியேறிப் பெருகும்வரை மீன் விடக் கூடாது. சூடான ஊரில் அதற்கு 4 முதல் 6 கிழமை என்பார்கள். குளிர்த் தண்ணீரில் இன்னும் இழுக்கும், பிஎச் 6க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட நின்றேவிடும். அதனால் மீன் இல்லாத தொட்டிக்கு 100 வொற் ஹீட்டரைப் போட்டு 27இல் வைத்தேன். கண்டியில் பல வருசமாக மீன் வளர்க்கும் சிநேகிதன் ஒருவன், ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்பொஞ் ஒன்றை ஈரத்தோடு பையில் கட்டித் தந்தான். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு, டெஸ்ட் கிட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "வெறும் தண்ணிக்கு எதுக்குடா கரண்டு? அதுக்குச் சாப்பாடு வேற போடுறே!" என்பார். பக்டீரியாவை எப்படிக் காட்டுவது? நைட்ரைற்றுக்கு ஊதாவாக மாறும் சோதனைக் குழாயைக் காட்டினேன். "கலர் தண்ணி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அமோனியாவும் நைட்ரைற்றும் தொடர்ந்து பூச்சியம் காட்டிய பிறகே மீன் வாங்கக் கிளம்பினேன்.

அம்மா கேட்டதிலும் நியாயம் உண்டு. 100 வொற் ஹீட்டர் நாளில் பாதி நேரம் எரிந்தால் 1.2 யுனிட், மாதத்துக்கு 36 யுனிட். நம் நாட்டில் வீட்டுக் கரண்டுக்குப் படிப்படியாக விலை ஏறும், எனவே அந்த 36 யுனிட் நம்மை அடுத்த படிக்குத் தள்ளிவிடும். வருசம் முழுக்க 27இல் தொட்டியை வைத்திருக்கும் எண்ணத்தை அந்தக் கணக்கிலேயே கைவிட்டேன். மீனுக்காக அறையோடு மல்லுக்கட்டுவதைவிட, அறைக்கு ஒத்துவரும் மீனைத் தேடுவது மேல்.

கண்டிக் கடைக்காரர் இதில் என்னைவிடத் தெளிவாக இருந்தார். "தம்பி எங்கே, ஹட்டனா? அப்ப கப்பி, ஏஞ்சல் எல்லாம் வேணாம். சீப்ரா கொண்டு போங்க." சீப்ரா டேனியோ இந்தியா, நேபாளம், வங்காளதேசப் பக்கத்து ஓடை மீன். 18 முதல் 24 பாகை வரை சௌகரியமாக இருக்கும். கூட்டமாக வாழ்வது, அதனால் எட்டு எடுத்தேன். தங்கமீனும் குளிர் தாங்கும்தான், ஆனால் வளர்ந்தால் என் தொட்டி அதற்குப் போதாது, அழுக்கும் அதிகம். மீன் பையை ரெஜிஃபோம் பெட்டியில் வைத்து நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாகப் பஸ் ஏறினேன். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து பை பந்து மாதிரி விறைத்துக்கொண்டது. கொஞ்சம் இடம்விட்டுக் கட்டச் சொல்லலாம்.

அழுத்தம் என்றதும் இன்னொன்று. குளிர்ந்த தண்ணீரில் ஒட்சிசன் கூடுதலாகக் கரையும் என்று நம்பி, காற்றுப் பம்ப் தேவையில்லை என நினைப்பவர்கள் உண்டு. ஆனால் 4,000 அடி உயரம் அந்த லாபத்தைத் தின்றுவிடுகிறது. இங்கே 20 பாகைத் தண்ணீரில் கரைவது, கொழும்பில் 27 பாகைத் தண்ணீரில் கரைவதற்குக் கிட்டத்தட்டச் சமம். பம்ப் வேண்டும்.

இப்போது ஹீட்டரை 22இல் வைத்திருக்கிறேன். வெயில் காலத்தில் பகலில் எரிவதே இல்லை. கிழமைக்கு ஒரு தடவை கால்வாசித் தண்ணீர் மாற்றுவேன். பீலித் தண்ணீரை அப்படியே ஊற்றினால் மீன் திடுக்கிடும். 11 லீற்றர் குளிர்ந்த தண்ணீரில் 1 லீற்றர் கொதித்த தண்ணீரைக் கலந்தால் 16 பாகை 22, 23 ஆகிவிடும். கேத்தல் ஒரு தடவை கொதித்தால் போதும். கலந்த பிறகு வெப்பமானியால் பார்த்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

ஆனி, ஆடிக் காற்றில் மரம் விழுந்து கரண்ட் போவது எங்களுக்குப் புதிதில்லை. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டிய நாள்களில் கண்டிச் சிநேகிதன் பாதி மீனை இழந்தான். அவன் சொல்லித்தான் பற்றரியில் ஓடும் சின்னப் பம்ப் ஒன்று வாங்கி வைத்தேன். பில்டர் நீண்ட நேரம் நின்றிருந்தால் ஸ்பொஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிவிட்டுத்தான் திரும்ப ஓட்ட வேண்டும்.  சூட்டைப் பற்றி அவ்வளவு பயமில்லை, ரெஜிஃபோம் போட்ட தொட்டி மெதுவாகத்தான் ஆறும்.

பாசி பிடிக்க ஆரம்பித்ததும் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "ஒரு டேங்க் கிளீனர் போடுங்க" என்றார்கள். போடமாட்டேன். அந்த உறிஞ்சுவாய் மீன் ஓரடிக்கு மேல் வளரும். அப்புறம் வைத்திருக்க முடியாமல் யாராவது குளத்தில் விடுவார்கள். அப்படிப் போனவை நம் நாட்டு நீர்நிலைகளில் பெருகி, மீன்பிடிப்பவர்களின் வலையைக் கெடுத்துக்கொண்டிருக்கின்றன. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய் விடும் ஆளாக நான் இருக்க விரும்பவில்லை. விளக்கெரியும் நேரத்தைக் குறைத்தேன், பாசி தானாகக் குறைந்தது.

அடுத்து செரி பார்ப் சேர்க்கும் எண்ணம். 1929இல் இலங்கை விலங்கியலாளர் தெரணியகல முதலில் விவரித்த, இலங்கைக்கு மட்டுமே உரிய மீன். தென்மேற்கு ஈரவலய ஓடைகளின் நிழலில், மென்மையான, சற்றுப் புளிப்பான தண்ணீரில் வாழ்வது. எங்கள் பீலித் தண்ணீர் அதற்கு அப்படியே பொருந்தும், ஹீட்டரை ஒரு பாகை கூட்டினால் சரி. ஓடையில் பிடித்தவை வேண்டாம், தொட்டியில் குஞ்சு பொரித்தவை வந்தால் சொல்லுங்கள் என்று கண்டிக் கடையில் நம்பர் கொடுத்து வைத்திருக்கிறேன்.