தாத்தாவின் கேசட்: ஏ பக்கம் முடிந்தது

பாட்டியின் பிஸ்கட் டின்னில், மருந்துச் சீட்டுகளுக்கு அடியில் கிடந்தது அந்தக் கேசட். 60 நிமிட டேப். மேலே தாத்தாவின் கையெழுத்தில் ‘அக்காவுக்கு, 1983’. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டுத் தாமான் என்னும் புதுக் குடியிருப்பு வீட்டுக்கு வந்தபோது எத்தனையோ சாமான்கள் தொலைந்தன. இது மட்டும் எப்படியோ கூடவே வந்துவிட்டது.

கணினியில் ஏற்றிப் பார்ப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். நம் ஊர் ஈரத்துக்கு டேப்பின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. நல்லவேளையாக இது ஐந்து திருகாணி போட்ட கூடு. ஒட்டிய கூடாக இருந்தால் உடைத்துத்தான் எடுத்திருக்க வேண்டும். உள்ளே டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் குட்டிப் பஞ்சுத் துண்டு உதிர்ந்திருந்தது. ஒரு பழைய பக்திப் பாட்டுக் கேசட்டைக் காலி செய்து, அதன் கூட்டுக்குள் இந்த டேப்பை மாற்றினேன். சாமி மன்னிக்கட்டும். பூஞ்சையை மெல்லிய துணியால் வாசலில் உட்கார்ந்து துடைத்தேன், வாயில் மாஸ்க்கோடு.

அடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவானது. தாத்தா பேசினார். எனக்குப் புல்லரித்துவிட்டது. பாட்டியைக் கூப்பிட்டேன்.

“இது உங்க தாத்தா இல்லடா” என்றார்.

எனக்குக் கோபமே வந்தது. தாத்தா போனபோது எனக்கு நாலு வயது, குரல் நினைவில்லை. பாட்டி முகத்தைச் சுளித்துக்கொண்டே கேட்டார். “யாரோ வாலிபப் பையன் மாதிரி இருக்கு. அவர் குரல் அடித்தொண்டைக் குரல்.” கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: “பேட்டரி தீர்ந்துபோயிருக்கும். லயத்துல பத்து மணிக்கு மேல கரண்ட் ஏது?”

சரியாகச் சொல்லிவிட்டார். டேப் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பேட்டரி இறங்கி, மெதுவாக ஓடிப் பதிவானதைச் சரியான வேகத்தில் போட்டால் குரல் கீச்சென்று ஏறும். பேட்டரி போகப் போக இறங்குமாதலால் ஒரே அளவு குறைத்தும் பயனில்லை. அரை மணி நேரத்தை ஐந்தைந்து நிமிடமாக வெட்டினேன். ஒவ்வொரு துண்டுக்கும் பாட்டிதான் காது. “இன்னும் கீழ... அய்யய்ய, இது தோட்டத்து ஆபீஸ் கிராணி குரல்... ஆங், இதான்.” முதல் துண்டுக்கு 3 சதவீதம் குறைத்தோம். கடைசித் துண்டுக்கு 9.

அடுத்த ஞாயிறு முழுதாகக் கேட்டோம். அக்கா ரஜூலா கப்பலில் ஊருக்குப் போன நாளிலிருந்து ஆரம்பிக்கிறார். பிறகு மரவள்ளிக் கிழங்கு தின்ற ஜப்பான்காரன் காலம், அவர்கள் அப்பாவை ரயில்பாதை போடச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) பிடித்துக்கொண்டு போனது. சயாம்-பர்மா ரயில்பாதை 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடிந்தது என்று புத்தகங்களில் இருக்கிறது. தாத்தாவிடம் அந்தக் கணக்கெல்லாம் இல்லை. “அப்பா உளியைத் தீட்டி இறவாணத்துல செருகிட்டுப் போனாரு. அம்மா அதை யாரையும் தொடவிடல, ஞாபகமிருக்காக்கா?” என்று கேட்டுவிட்டு, அக்கா பதில் சொல்வதற்கு நேரம் விடுவது போல் சும்மா இருக்கிறார். அந்த இடைவெளி 11 விநாடி. இரைச்சல் நீக்கும்போது அதை மட்டும் தொடவில்லை.

கேசட்டை ஊருக்குக் கொடுத்தனுப்ப ஆள் பார்த்துக்கொண்டிருந்தபோது தந்தி வந்துவிட்டதாம். அக்கா இல்லை. பாட்டி இதை ஒரே வரியில் சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் தேடப் போய்விட்டார்.

ஏ பக்கத்தின் கடைசி நிமிடத்தில் தகரக் கூரையில் மழை. நடுவே ஒரு பெண், “சோறு ஆறிப்போகுது, பேசினது போதும் வாங்க” என்று அதட்டுகிறாள். பாட்டி காதைக் கிட்டே கொண்டுவந்தார்.

“யாருடா அந்தப் பொண்ணு? இவ்வளவு அதிகாரமா கூப்பிடுறா?”

பி பக்கம் இன்னும் பாக்கி. அங்கே பூஞ்சை இன்னும் மோசம்.