அரியர் விழுந்த ஆப்பிரிக்கப் பேப்பரை ஒரு மணையை வைத்து எழுதித் தேறிய கதை

எம்.ஏ. வரலாறு, தமிழ் வழி, ஆப்பிரிக்க வரலாறு பேப்பர். முதல் தடவை 38 மார்க். நான் படித்த லட்சணத்துக்கு அதுவே அதிகம். இன்றைய கானாவில் குமாசியைத் தலைநகராக வைத்திருந்த அசாந்தி அரசு பற்றி 15 மதிப்பெண் கேள்வி வந்தது. 1824, 1874, 1896, 1900 என்று நான்கு வருடங்களை வைத்துக்கொண்டு பிரிட்டிஷ்காரர்கள் வந்தார்கள், தோற்றார்கள், திரும்ப வந்து குமாசியை எரித்தார்கள், அரசரைப் பிடித்தார்கள் என்று மூன்று பக்கம் எழுதிவிட்டு வந்தேன். வீட்டில் யோசித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது, அந்த மூன்று பக்கத்தில் அசாந்திக்காரர் எவரும் எதையும் செய்யவே இல்லை, எல்லாம் அவர்களுக்கு நடந்தது.

அரியர் எழுதியபோது விடை முழுவதையும் கோக்க நான் பிடித்துக்கொண்ட ஒரே இழை அவர்களுடைய தங்க ஆசனம். ‘சிகா துவா கோஃபி’ என்பார்கள். கைடு புத்தகத்தில் தங்க முக்காலி என்று இருந்தது, படத்தைத் தேடிப் பார்த்தால் மூன்று காலும் இல்லை ஒன்றும் இல்லை. சாதாரண அசாந்தி ஆசனம் என்பது ஒரே மரத்துண்டில் குடைந்து, உட்காரும் பலகை நடுவே பள்ளமாக, இரண்டு ஓரமும் மேலே வளைந்திருக்கும். மணை என்றால்தான் எனக்குப் பொருந்துகிறது, அப்படியே எழுதினேன். தங்க மணையில் யாரும் உட்காரக் கூடாது, அரசரும்தான். அதற்கென்று தனி நாற்காலி உண்டு, மணிகள் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். கோஃபி என்பது வெள்ளிக்கிழமை பிறந்த ஆணுக்கு வைக்கும் பெயர், அதாவது மணைக்கே பிறந்த கிழமை உண்டு. (கோஃபி அன்னான் வெள்ளி, குவாமே நிக்ருமா சனி. இப்படிப் பிடித்துக்கொண்டால் பெயர்கள் மறக்காது.)

இனி அதைப் பிடித்துக்கொண்டு நடங்கள். 1701-இல் அசாந்தி அரசர் ஒசேய் துது, தங்களிடம் கப்பம் வாங்கிக்கொண்டிருந்த டென்கிரா அரசை ஃபெயியாசே போரில் தோற்கடிக்கிறார். பூசாரி ஒகொம்ஃபோ அனொச்சே வானத்திலிருந்து மணையை இறக்கினார், அதில் மொத்த மக்களின் உயிரும் இருக்கிறது என்பது மரபுக் கதை. விடைத்தாளில் ‘மரபு சொல்கிறது’ என்று சேர்த்தே எழுதுங்கள், இல்லையென்றால் திருத்துபவர் சிவப்பு மையில் கோடு போடுவார். தனித்தனியாகக் கிடந்த சிற்றரசுகளை ஒரே விசுவாசத்தின் கீழ் கொண்டுவர அந்தக் கதை என்ன வேலை செய்தது என்று இரண்டு வரி போட்டால் அங்கேதான் மார்க். தாய்வழி மரபையும் இங்கேயே சேர்த்துவிடலாம்: அடுத்த அரசர் யார் என்று பெயர் முன்மொழிபவர் அரசத்தாய். அவர் எப்போதும் அரசரைப் பெற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, இதில் நிறைய பேர் சறுக்குகிறார்கள்.

1896-இல் அசாந்தி அரசர் முதலாம் பிரெம்பே சண்டை போடாமல் பணிந்தும் பிரிட்டிஷார் அவரைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். மணை மட்டும் கிடைக்கவில்லை. 1900 மார்ச்சில் பிரிட்டிஷ் ஆளுநர் ஹாட்ஜ்சன் குமாசிக்கு வந்து, அந்த ஆசனத்தை எனக்கு ஏன் கொண்டுவரவில்லை, நான் அல்லவா அதில் உட்கார வேண்டும் என்கிற தொனியில் பேசினார். சொந்த அரசரே உட்காராத ஆசனம்! இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. எஜிசு என்ற அசாந்திச் சிற்றரசின் அரசத்தாய் யா அசாந்தேவா தலைமையில் போர் மூண்டது. தோற்றார்கள், அவரையும் செஷல்ஸ் தீவுக்கு அனுப்பினார்கள், 1921-இல் அங்கேயே இறந்தார். பிரெம்பே 1924-இல் திரும்பினார். மணை கடைசிவரை பிரிட்டிஷார் கைக்குப் போகவே இல்லை.

சரி, புகழ்ந்துகொண்டே போகாதீர்கள். போர்க் கைதிகளை அடிமைகளாக விற்றுத் துப்பாக்கி வாங்கிய அரசும் இதுதான். முதல் தடவை நான் விட்டது இதையும்தான்.

காலனிய மரபு என்று கேட்டால் கானாவின் 1957 சுதந்திரத்தை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். 1954-இல் கோகோ விலையை அரசு கட்டிவைத்த கோபத்தில் குமாசியில் கூட்டாட்சி கேட்டு ஒரு இயக்கமே கிளம்பியது, அப்போது ஆட்சியில் இருந்த நிக்ருமாவுக்குப் பெரிய தலைவலி. அப்புறம் 2024: பிரிட்டிஷ் மியூசியமும் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியமும் 32 பொருட்களைக் குமாசி மான்ஹியா அரண்மனை அருங்காட்சியகத்துக்கு அனுப்பின. மூன்று வருடக் கடனாக! நிரந்தரமாகத் தர அவர்கள் நாட்டுச் சட்டம் இடம் தராதாம். அவற்றில் பல 1874-இல் கொள்ளை போனவை. இந்த ஒரு பத்தி போதும், விடை இன்றைய தேதிக்கு வந்துவிடும்.

பெயர்க் குழப்பம் ஒன்று. பழைய கானா பேரரசு இன்றைய மாலி, மௌரித்தானியா பக்கம், அசாந்தி இருக்கும் கானா 1957-இல்தான் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. அதேபோல பெனின் ராஜ்யம் நைஜீரியாவில், பெனின் என்ற நாடு பழைய தஹோமே.

வரைபடத்துக்கு வெற்று ஆப்பிரிக்கா மேப் நான்கைந்து வாங்கி வைத்து, குமாசி, கடற்கரை ஊர்களான கேப் கோஸ்ட், எல்மினா மூன்றையும் கண்ணை மூடிக் குறிக்கும் அளவுக்குப் பழகுங்கள். எனக்குக் கிடைத்த மேப்பில் செஷல்ஸ் இல்லவே இல்லை. கிழக்குக் கடலில் பேனாவால் நானே ஒரு புள்ளி வைத்து, குமாசியிலிருந்து அதுவரைக்கும் கோடு இழுத்துவிட்டு வந்தேன். இந்தத் தடவை 67.