சூடாவில் பறிபோன 25 யூரோவும், எர்முபோலி துறைமுகமும்

கிரேக்கத்தின் கிரீட் தீவில், சூடா துறைமுகத்தில் விடிகாலை ஆறு மணிக்கு இறங்கினோம். அங்கிருந்து ஹனியா ஊரின் பழைய துறைமுகம் ஏழு கிலோமீட்டர்தான். டாக்சிக்காரர் 25 யூரோ கேட்டார். மீட்டர் போடுங்கள் என்றேன். பெட்டிக்கு இவ்வளவு, இந்த நேரத்துக்கு இவ்வளவு என்று கணக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ராத்திரி முழுக்கக் கப்பல் நாற்காலியில் கழுத்தைச் சாய்க்க முடியாமல் வந்த அக்கா, "ஏறுடி, இனிமே நிக்க முடியாது" என்றாள். ஏறினோம். ஊருக்குள் போய்க் காப்பி குடிக்கும்போதுதான் தெரிகிறது, துறைமுக வாசலிலிருந்தே டவுன் பஸ் இருக்கிறதாம்! இரண்டு பேருக்கும் சேர்த்து ஐந்து யூரோகூட ஆகியிருக்காது. ஒரு யூரோவுக்கு நூறு ரூபாய் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. ஓட்டல் வாடகை மிச்சமாகட்டும் என்று ராத்திரிக் கப்பல் பிடித்ததில் பாதி அங்கேயே போய்விட்டது.

பெரிய கப்பல்கள் ஹனியாவுக்குள் வருவதில்லை. வெனிஸ்காரர்கள் கட்டிய அந்தத் துறைமுகம் ஆழமில்லாதது, வடக்குக் காற்றுக்கு நேராக வாய் திறந்திருப்பது. அதனால்தான் எல்லாக் கப்பலும் சூடாவுக்குப் போகிறது. ஹனியா அழகில்லை என்று சொல்ல மாட்டேன். அலைதடுப்புச் சுவர் மேலேயே நடந்து கலங்கரை விளக்கம் வரை போகலாம், காசு கிடையாது. வெனிஸ் காலத்துக் கலங்கரை விளக்கத்தை 1830-களில், எகிப்தியர் ஆட்சியில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் போர்க்கப்பல்களைக் கரையேற்றிப் பழுது பார்த்த கல் கொட்டகைகளும் நிற்கின்றன. ஆனால் கரை நெடுக உணவக நாற்காலிகள். பத்தடிக்கு ஒருவர் மெனு அட்டையோடு வழிமறிக்கிறார். கடல் தெரியும் மேசையில் உட்கார்ந்தால் கேட்காத ரொட்டிக்கும் பில்லில் காசு போடுகிறார்கள். எனக்கு ஒரு நாள் போதும் என்றாகிவிட்டது.

காரணம், அதற்கு முந்தின மூன்று நாளும் சீரோஸ் என்ற இன்னொரு கிரேக்கத் தீவில் இருந்தோம். அங்கே பயணமே வேறு மாதிரி.

ஏதென்ஸ் மெட்ரோவில் அதன் துறைமுகமான பிரேயஸ் வந்து இறங்கிச் சாலையைக் கடந்தால் கப்பல். நாலு மணி நேரத்தில் சீரோஸின் துறைமுக ஊரான எர்முபோலி. மேல்தளத்தில் நின்றுகொண்டிருந்தேன். கப்பல் திரும்பியதும் இரண்டு குன்றுகள், ஒன்றின் உச்சியில் கத்தோலிக்கத் தேவாலயம், மற்றதில் ஆர்த்தடாக்ஸ் தேவாலயம், நடுவில் தண்ணீர் விளிம்பு வரை அடுக்கடுக்காக வீடுகள். பாலம் இறங்கியதும் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே அறைக்குப் போய்விட்டோம். டாக்சியே தேவைப்படவில்லை.

இந்த ஊரைக் கட்டியவர்கள் அகதிகள். 1822-இல் ஹியோஸ் தீவில் நடந்த படுகொலையிலும், 1824-இல் ப்சாரா தீவு அழிந்தபோதும் தப்பி வந்தவர்கள் வெறும் கரையில் குடியேறி, வணிகக் கடவுள் ஹெர்மஸின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். கொஞ்ச வருஷத்திலேயே கிரேக்கத்தின் பெரிய துறைமுகம் அதுதான். பிரேயஸ் வளர்ந்த பிறகுதான் பின்னால் போனது. கல் பாவிய தெருவில் நடந்து போனால் திடீரென்று பளிங்குச் சதுக்கம், அரண்மனை மாதிரி நகர மண்டபம், பக்கத்திலேயே 1864-இல் திறந்த அப்பல்லோ நாடக அரங்கம். வந்து நாற்பது வருஷச் சொச்சத்தில் அகதிகள் தங்களுக்கு ஒரு நாடக அரங்கம் கட்டிக்கொண்டார்கள் என்பதை நினைத்து நினைத்து மாய்ந்துபோனேன்.

மரியன்னையின் துயில் தேவாலயத்தில் பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் எல் கிரெக்கோ வரைந்த சிறிய ஓவியம் இருக்கிறது. ப்சாரா அகதிகள் கொண்டுவந்தது என்கிறார்கள். யார் வரைந்தது என்றே தெரியாமல் இருந்து, 1983-இல்தான் கையெழுத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கீழே நடுவில் இருக்கும் விளக்குத்தண்டின் அடிப்பாகத்தைக் கண்ணை இடுக்கிப் பாருங்கள், பொடி எழுத்தில் அவர் பெயர். அதை வரைந்தது கிரீட்டில் இருந்த இளவயதில். நுழைவுக் கட்டணம் இல்லை. நாங்கள் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தோம்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. கரையிலிருந்து ஒரு தெரு உள்ளே தள்ளி, வெயிலில் காயப்போட்ட ஆக்டோபஸைக் கரியில் சுட்டு, எலுமிச்சை பிழிந்து கொடுத்தார்கள். ஓரம் கருகி மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சு. கூடவே ஃபாவா. நம் கெட்டிப் பருப்பேதான், மேலே ஆலிவ் எண்ணெயும் பச்சை வெங்காயமும். அக்கா சோறு இருந்தால் பிசைந்திருப்பேன் என்றாள். சோம்பு போட்ட உள்ளூர் சாசேஜ், ஒயின் எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு 31 யூரோ.

ராத்திரி கரையோரம் உட்கார்ந்தால் எதிரே நெயோரியோன் கப்பல் கட்டும் தளம். 1861-இல் தொடங்கியது, இன்னும் அங்கே கப்பல் பழுது பார்க்கிறார்கள். ஒரு கப்பலின் வயிற்றுப் பக்கம் வெல்டிங் பொறி நீலமாகத் தெறித்துக்கொண்டிருந்தது.

நீங்கள் போவதானால் சீரோஸுக்கு மூன்று இரவு, ஹனியாவுக்கு ஒன்று. ரோஜா வாசனை லுக்குமி மிட்டாய்ப் பெட்டியைச் சீரோஸில் கப்பல் ஏறும் முன் கரைக் கடையிலேயே வாங்கிவிடுங்கள். நாங்கள் இரண்டு வாங்கினோம், பிரேயஸ் வருவதற்குள் ஒன்று காலி.