30 நாள் கணக்கு: தென்னாப்பிரிக்காவில் அகதிக் குழந்தைக்குப் பிறப்புச் சான்று வாங்குவது

காங்கோ, சோமாலியா, எத்தியோப்பியா என்று பல நாடுகளிலிருந்து வந்து தென்னாப்பிரிக்காவில் அடைக்கலம் கேட்டிருப்பவர்களுக்குக் குழந்தை பிறந்தால், 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் இவர்களுக்கு வேலை பிரசவத்துக்குப் பிறகு தொடங்கினால் 30 நாள் போதாது. அதனால் இவர்களுக்கு உதவும் நாங்கள், கர்ப்பத்தின் ஏழாம் மாதத்திலேயே தாயின் அடைக்கலப் பேப்பரை வாங்கி, அது காலாவதியாகும் தேதியைப் பார்த்துவிடுவது வழக்கம்.

அடைக்கலக் கோரிக்கை நிலுவையில் இருப்பவரிடம் செக்‌ஷன் 22 பேப்பர் இருக்கும். பெரும்பாலும் ஆறு மாதம்வரை செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். அகதி என்று ஏற்கப்பட்டவருக்கு செக்‌ஷன் 24. இரண்டும் 1998ஆம் ஆண்டு அகதிகள் சட்டத்தின் பிரிவு எண்கள்தான், பேச்சில் அதுவே பெயராகிவிட்டது. பிரசவத் தேதிக்குப் பிறகு இரண்டு மாதமாவது பாக்கி இருக்கும்படி பேப்பரைப் புதுப்பித்து வைத்தால் பாதிக் கவலை தீரும். 2021 முதல் புதுப்பித்தல் இணையவழியில் நடக்கிறது. அதில் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள் மூன்று. ஓரம் வெட்டுப்பட்ட மொபைல் படம். பின்பக்கம் விடுபடுவது. எல்லாவற்றையும்விடக் கெட்டது, இன்டர்நெட் கடைக்காரரின் மின்னஞ்சலிலிருந்து அனுப்புவது. பதில் அவருக்கு வரும், அவர் கடையை மூடிக்கொண்டு ஊர் மாறியிருப்பார்.

அடுத்த இடம் பிரசவ வார்டு. டிஎச்ஏ-24/பிபி என்ற படிவத்தில் இந்தத் தாய்க்கு இந்தக் குழந்தை பிறந்தது என்று பிரசவம் பார்த்தவர் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் இட வேண்டும். டிஸ்சார்ஜ் ஆவதற்குள் அதைக் கையில் வாங்கிவிட வேண்டும். ஒரு மாதம் கழித்துத் திரும்பிப் போனால் பணிமுறை மாறியிருக்கும், யார் பிரசவம் பார்த்தது என்று தேடவே நாள் போய்விடும். வாங்கிய உடனே, கட்டிலிலேயே உட்கார்ந்து, தாயின் பெயரை செக்‌ஷன் 22 பேப்பரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

சிக்கல் பெரும்பாலும் இந்தப் பெயரில்தான் இருக்கிறது. காங்கோக்காரருக்குப் பெயர் மூன்று துண்டு: குடும்பப் பெயர், துணைப்பெயர், ஞானஸ்நானப் பெயர் போன்ற முதற்பெயர். சோமாலியருக்குத் தன் பெயர், தந்தை பெயர், தாத்தா பெயர்; திருமணமானாலும் பெண் பெயர் மாறாது. தென்னாப்பிரிக்கப் படிவத்தில் இருப்பதோ குடும்பப் பெயர், முன்பெயர் என்று இரண்டே கட்டம். இனிஷியலோடு வளர்ந்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எழுதக் கொடுத்த நமக்கு இது விளக்காமலே புரியும். அடைக்கலக் கோரிக்கையைக் கவனிக்கும் அகதி அலுவலகத்தில் தாத்தா பெயர் குடும்பப் பெயராகியிருக்கும், ஆஸ்பத்திரியில் தந்தை பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். எது உண்மையில் சரி என்ற வாதம் வார்டில் வேண்டாம். செக்‌ஷன் 22 பேப்பரில் தவறாக இருந்தாலும் அதன்படியே எழுதச் சொல்லுங்கள். திருத்தம் பிறகு, அகதி அலுவலகத்தில் தனியாக.

பதிவுக்கு உள்துறை அலுவலகம் போகும்போது டிஎச்ஏ-24 படிவம், மேற்சொன்ன பிரசவச் சான்று, பெற்றோர் இருவரின் பேப்பர்கள், திருமணம் ஆகியிருந்தால் அதன் சான்று, குழந்தையின் தடுப்பூசிப் புத்தகம் ஆகியவை வேண்டும். மூலத்தோடு சான்றளிக்கப்பட்ட நகலும் இருக்கட்டும். காவல் நிலையத்தில் இலவசமாக முத்திரை வைத்துத் தருவார்கள், மூன்று மாதத்துக்கு மேல் பழையதானால் பல இடங்களில் ஏற்கமாட்டார்கள். வீட்டில் பிறந்த குழந்தை என்றால் பிரசவத்தின்போது உடனிருந்தவரின் பிரமாணப் பத்திரம் தேவை.

பெற்றோரின் பேப்பர் காலாவதியாகிவிட்டதென்றால் பதிவு முடியாது என்று கவுன்டரில் சொல்வார்கள். அங்கேயே திரும்பிவிடக் கூடாது. தாயின் விசா முடிந்துபோனதால் மறுக்கப்பட்ட ஒரு குழந்தையின் வழக்கில், பெற்றோரிடம் செல்லுபடியாகும் ஆவணம் இல்லை என்பதற்காகப் பிறப்பைப் பதியாமல் விடக்கூடாது என்று கிழக்கு கேப் உயர் நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. அதே வழக்கு மேலே போய், 2021 செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம், மணமாகாத தந்தை தன் பெயரில் குழந்தையைப் பதிவதற்கு இருந்த தடையையும் நீக்கியது. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தேதி, நேரம், கவுன்டர் எண், சொன்ன காரணம் நான்கையும் அன்றே குறித்து, அதையே பிரமாணப் பத்திரமாக்கிக்கொள்ளுங்கள். வழக்கறிஞர் முதலில் கேட்பது அதைத்தான்.

கிடைக்கும் சான்றில் தென்னாப்பிரிக்க அடையாள எண் இருக்காது. குறை என்று பதற வேண்டாம், வெளிநாட்டவர் குழந்தைக்கு அப்படித்தான். அந்தச் சான்றோடு அகதி அலுவலகத்தில் பெற்றோரின் கோப்பில் குழந்தையைச் சார்ந்தவராகச் சேர்க்க வேண்டும். 2020இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி இதற்கும் ஒரு மாதம்தான். பிறப்புப் பதிவுக்கும் அதே ஒரு மாதம் என்பதால், சான்று வரத் தாமதமானால் இதுவும் நழுவும். பதிவுக்கு விண்ணப்பித்த ரசீதைப் பத்திரப்படுத்தச் சொல்வது அதனால்தான்.

இனி நாடற்ற குழந்தைகள். அகதியும் நாடற்றவரும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். காங்கோ அகதியின் குழந்தைக்கு வம்சாவளியாகக் காங்கோக் குடியுரிமை வரும். அதை அனுபவிக்க முடியாது என்பது வேறு விஷயம். எந்த நாட்டுச் சட்டமும் தன் குடிமகன் என்று ஏற்காத குழந்தைக்குத்தான் 1995 குடியுரிமைச் சட்டத்தின் 2(2) பிரிவு. தென்னாப்பிரிக்காவில் பிறந்து, வேறெந்தக் குடியுரிமையும் இல்லாமல், பிறப்பும் பதிவாகியிருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை. கியூபத் தம்பதிக்கு அங்கே பிறந்த சிறுமியின் வழக்கில் 2014இல் உயர் நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. விண்ணப்ப விதிமுறையை 18 மாதத்துக்குள் வகுக்கும்படி 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் கெடு கடந்து போனது. 1954, 1961 நாடற்றோர் உடன்படிக்கைகளிலும் தென்னாப்பிரிக்கா சேரவில்லை.

ஆகவே குழந்தை நாடற்றது என்று காட்டும் ஆவணக் கோப்பை நாமேதான் கட்ட வேண்டும். பெற்றோர் நாட்டுக் குடியுரிமைச் சட்டத்தின் உரிய பிரிவு, ஆங்கில மொழிபெயர்ப்போடு. குழந்தை தங்கள் குடிமகன் இல்லை என்று தூதரகம் தரும் கடிதம். பெற்றோர் அகதிகளாக இருந்தால் மட்டும் தூதரகப் படி ஏறவே கூடாது. தப்பி வந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடியதாகக் கருதி, அகதி நிலையையே பறிக்க அகதிகள் சட்டத்தின் 5ஆம் பிரிவு இடம் தருகிறது. அவர்களுக்கு அந்தக் கடிதத்தின் இடத்தில், ஏன் கடிதம் இல்லை என்று விளக்கும் வழக்கறிஞர் குறிப்பு ஒரு பக்கம் சேர்க்கிறோம்.